ஆறு கோடி டாலருக்கு ஒரு சட்டம்

2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து வீடுகளில் டி.வி.யைப் போட்டால் சீனா வந்துகொண்டிருந்தது. முதலில் நம் தொழிற்சாலை வேலைகளைப் பறித்தார்கள், இப்போது மின்சாரத்தையும் பறிக்க வருகிறார்கள் என்று பயமுறுத்தியது விளம்பரம். யாராவது வந்து கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடாதீர்கள், உங்கள் விவரமெல்லாம் சீன அரசாங்கத்தின் கைக்குப் போய்விடும் என்றது. தபாலிலும் இதே மிரட்டல் வீடு தேடி வந்தது.

கையெழுத்துக் கேட்டு நின்றவர்களுக்கும் சீனாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த ஜூலையில் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியிருந்த ஒரு மின்சாரச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பதை மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று அவர்கள் பொது வாக்கெடுப்புக்கு ஆள் திரட்டினார்கள். சீனப் பூச்சாண்டிக்கு ஆதாரமாகக் கையில் இருந்தது ஒரே ஒரு சமாசாரம். ஒஹாயோவில் புதிதாக வந்த சில எரிவாயு மின் நிலையங்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் சீன அரசு வங்கி ஒன்றும் இருந்தது. அவ்வளவுதான்.

அந்த விளம்பரத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு ஜூலை 21-ஆம் தேதி காலையில் எஃப்.பி.ஐ. சட்டமன்ற சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டரைக் கைது செய்தபோதுதான் ஊருக்கே தெரிந்தது. மின்சார நிறுவனமான ஃபர்ஸ்ட்எனர்ஜி சுமார் 6 கோடி டாலரை, அன்றைய மதிப்பில் 400 கோடி ரூபாய்க்கும் மேல், அவர் கட்டுப்பாட்டில் இருந்த ஓர் அமைப்புக்குக் கொடுத்திருந்தது. கைமாறாக அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கவிருந்தது ஏறக்குறைய 130 கோடி டாலர். ஒஹாயோ மக்களுக்கு எதிராக நடந்த லஞ்ச விவகாரங்களிலேயே ஆகப் பெரியது இதுவாகத்தான் இருக்கும் என்றார் அந்தப் பகுதியின் மத்திய அரசு வழக்கறிஞர் டேவிட் டிவில்லர்ஸ்.

அரசியல்வாதி என்றாலே திருடன், கம்பெனிக்காரன் என்றாலே லஞ்சம், ஜனங்கள் என்றால் ஆட்டுமந்தை என்று பேசுபவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் வழக்குக் கட்டுகளில் வெளிவந்த வரவு செலவைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், அந்தப் பேச்சின் மூன்றாவது பாதம் நொண்டுவது தெரியும்.

ஏரிக்கரையில் இரண்டு ஆலைகள்

ஃபர்ஸ்ட்எனர்ஜியின் தலைமையகம் அக்ரான் நகரில் இருக்கிறது. ஒஹாயோக்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 2013-லிருந்து 2023 வரை கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் மைதானத்துக்கே அந்தப் பெயர்தான் சூட்டப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக 5 கோடிப் பேரை இருட்டில் தள்ளிய மின்தடைக்கும் இந்த நிறுவனம்தான் ஆரம்பப் புள்ளி. வெட்டாமல் விட்ட மரங்களில் அதன் உயர் அழுத்தக் கம்பிகள் உரசின. எச்சரிக்க வேண்டிய கணினி அன்றைக்குப் பார்த்து செயலிழந்து கிடந்தது.

ஈரி ஏரிக்கரையில் இந்த நிறுவனத்துக்கு இரண்டு அணுமின் நிலையங்கள் இருந்தன: டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி. டேவிஸ்-பெஸ்ஸியில் 2002-ல் உலை மூடியை அமிலம் அரித்துக் குழியாக்கியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஆறரை அங்குலக் கனத்துக்கு இருக்க வேண்டிய எஃகில் மிஞ்சியிருந்தது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத உள் தகடு மட்டும். பெரிய விபத்து மயிரிழையில் தவிர்ந்தது, அபராதங்கள் கட்டப்பட்டன, ஆலை மீண்டும் ஓடியது.

இந்த ஆலைகளை 2010-க்குப் பின் நெருக்கியது அமிலமல்ல, சந்தை. பாறைகளை உடைத்து எடுக்கும் எரிவாயு ஒஹாயோவிலும் பக்கத்து பென்சில்வேனியாவிலும் மலிவாகப் பெருகியது. எரிவாயு மின்சாரத்தின் விலைக்கு அணுமின்சாரத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2018 மார்ச் கடைசியில் ஆலைகளை வைத்திருந்த துணை நிறுவனம் திவால் மனு போட்டது. பணம் கொடுங்கள், இல்லாவிட்டால் மூடிவிடுவோம் என்றது.

இந்த இடத்தில் நியாயமாகவே ஒரு வாதம் இருந்தது. ஒஹாயோவின் கரியமிலமற்ற மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு இந்த இரண்டு ஆலைகளிலிருந்துதான் வந்தது. மூடினால் அந்த இடத்தை எரிவாயுதான் பிடிக்கும். நியூயார்க், இல்லினாய், நியூஜெர்சி மாநிலங்கள் இதே காரணத்தைச் சொல்லித் தங்கள் அணு ஆலைகளுக்கு உதவித்தொகை கொடுத்திருந்தன. பருவநிலை பற்றிக் கவலைப்படுகிறவர்கள்கூட இந்தப் பக்கம் நின்று வாதாடலாம், வாதாடினார்கள். நிறுவனத்துக்கு வாதம் போதவில்லை. ஆள் தேவைப்பட்டார்.

சபாநாயகரைத் தயாரித்த கதை

லாரி ஹவுஸ்ஹோல்டர் பெர்ரி கவுன்ட்டியைச் (அணு ஆலையோடு பெயர் ஒற்றுமை மட்டுமே) சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர். 2001 முதல் 2004 வரை ஒருமுறை சபாநாயகராக இருந்தவர். அப்போதே எஃப்.பி.ஐ. விசாரணை ஒன்று வந்தது. வழக்கு ஏதும் பதிவாகவில்லை. பிறகு ஒதுங்கியிருந்து, 2016-ல் மீண்டும் சட்டமன்றத்துக்கு வந்தார். 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்பு விழாவுக்கு வாஷிங்டன் போனபோது அவர் ஏறியது ஃபர்ஸ்ட்எனர்ஜியின் விமானத்தில். அடுத்த மாதமே, அந்த 6 கோடி டாலரை வாங்கப்போகும் 'ஜெனரேஷன் நவ்' என்ற அமைப்பு பதிவானது.

அமெரிக்க வரிச் சட்டத்தில் சமூக நலன் அமைப்பு என்று ஒரு வகை உண்டு. அது யாரிடமிருந்து எவ்வளவு வாங்கினாலும் நன்கொடையாளர் பெயரை வெளியே சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்தது, கொடுத்தவர் யார் என்று வாக்காளருக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற காரணத்தால். அமெரிக்காவில் அந்தக் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. ஜெனரேஷன் நவ் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது. சமூக நலனுக்காக என்று சேர்ந்த பணத்தில் ஏறக்குறைய 5 லட்சம் டாலர் ஹவுஸ்ஹோல்டரின் சொந்தத் தேவைகளுக்கு ஓடியது. கிரெடிட் கார்டு பாக்கி, பழைய வழக்குச் செலவு, ஃபுளோரிடாவில் இருந்த வீட்டின் பழுதுவேலை எல்லாம் அதில் அடக்கம்.

மீதிப் பணம் போன வழிதான் சுவாரசியம். 2018 தேர்தலில் ஹவுஸ்ஹோல்டரைச் சபாநாயகர் ஆக்கக்கூடிய வேட்பாளர்களாகப் பார்த்துப் பொறுக்கி, அவர்களுக்காகச் செலவழித்தார்கள். 2019 ஜனவரியில் 52-46 என்ற கணக்கில் அவர் சபாநாயகரானார். அந்த 52-ல் பாதி, 26 பேர், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியினர். இது குடியரசுக் கட்சியின் குடும்பச் சண்டை என்று யாரும் கை கழுவ முடியாது.

அதே ஜனவரியில் இன்னொரு கணக்கும் தீர்ந்தது. மின் கட்டணங்களை முடிவு செய்கிற மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்குத் தலைவராக வரவிருந்த வழக்கறிஞர் சாம் ரண்டாசோவுக்கு ஃபர்ஸ்ட்எனர்ஜி 43 லட்சம் டாலர் கொடுத்தது. அடுத்த மாதம் அவர் நியமிக்கப்பட்டார். தங்களுக்குச் சாதகமாக நடந்துகொள்வதற்காகவே அந்தப் பணம் என்று நிறுவனம் பிற்பாடு ஒப்புக்கொண்டது. சட்டம் போடுகிறவர், கட்டணம் நிர்ணயிக்கிறவர் இரண்டு பேரும் ஒரே கஜானாவைப் பார்த்திருந்தார்கள்.

தூய காற்று என்று ஒரு பெயர்

ஏப்ரலில் மசோதா வந்தது. எண் 6. அதில் இருந்த திட்டத்தின் பெயர் 'ஒஹாயோ தூய காற்றுத் திட்டம்'. 2019 ஜூலை 23 அன்று கீழவையில் 51-38 என்று நிறைவேறி, அன்றைக்கே ஆளுநர் மைக் டிவைனின் கையெழுத்தும் விழுந்தது.

பெயரை மறந்துவிட்டு உள்ளே இருந்ததைப் பார்க்கலாம். இரண்டு அணு ஆலைகளுக்கும் ஆண்டுக்கு 15 கோடி டாலர். இதற்காக ஒவ்வொரு வீட்டு பில்லிலும் மாதம் 85 சென்ட் வரை கூடும். அது போக, 1950-களில் அணுகுண்டுத் திட்டத்தின் யுரேனியம் செறிவூட்டும் ஆலைக்கு மின்சாரம் தருவதற்காகக் கட்டப்பட்ட இரண்டு நிலக்கரி மின் நிலையங்களின் நஷ்டத்தை ஈடுகட்ட மாதம் ஒன்றரை டாலர் வரை. அந்த இரண்டில் ஒன்று ஒஹாயோவிலேயே இல்லை, இண்டியானாவில் இருக்கிறது. தூய காற்றுக்காக ஒஹாயோக்காரர் பக்கத்து மாநிலத்து நிலக்கரிப் புகைக்கு மொய் எழுத வேண்டும்.

இன்னும் உண்டு. மின்சாரத்தில் 12.5 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆதாரங்களிலிருந்து வர வேண்டும் என்று இருந்த இலக்கு 8.5 சதவீதமாகக் குறைந்தது. நிறுவனங்கள் மக்களுக்கு மின் சிக்கனத் திட்டங்களை நடத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் முடிவுக்கு வந்தது. ஃபர்ஸ்ட்எனர்ஜியின் விநியோக நிறுவனங்களுக்கு, மின்சாரம் எவ்வளவு விற்றாலும் விற்காவிட்டாலும், 2018-ல் வந்த அளவு வருமானம் வந்துகொண்டே இருக்கும்படி ஓர் ஏற்பாடு. பொருளாதாரம் படுத்தாலும் எங்களை அதிகம் பாதிக்காது என்று தலைமை நிர்வாகி சக் ஜோன்ஸ் முதலீட்டாளர்களிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

சட்டமன்றத்தில் இருந்த எல்லாரும் இதற்குத் தலையாட்டவில்லை. டேவ் கிரீன்ஸ்பான் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினரைச் சபாநாயகரே நெருக்கினார். அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டார், எஃப்.பி.ஐ.யிடமும் போனார், பிறகு நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார்.

கையெழுத்துக்கு எதிராக 3.8 கோடி

பொது வாக்கெடுப்பு கோரியவர்களுக்கு 90 நாள் அவகாசம். அதற்குள் 2,65,774 செல்லத்தக்க கையெழுத்து வேண்டும். மனுவின் வாசகத்தை மாநில அட்டர்னி ஜெனரல் முதல் தடவை நிராகரித்ததிலேயே பல நாட்கள் போயின. மிச்சமிருந்த நாட்களில்தான் சீனா படையெடுத்தது.

டி.வி.யோடு நிற்கவில்லை. கையெழுத்து வாங்குகிறவர் நிற்கிற இடத்துக்கெல்லாம் போய்க் குறுக்கே நின்று மறிப்பதற்குக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். கையெழுத்து வாங்கும் தொழிலாளர்களுக்கு வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்ப ரொக்கமும் விமான டிக்கெட்டும் தருகிறோம் என்று ஆசை காட்டினார்கள். எந்தச் சட்ட மதிப்பும் இல்லாத போட்டி மனு ஒன்றையும் சுற்றுக்கு விட்டு ஜனங்களைக் குழப்பினார்கள். மாநிலக் குடியரசுக் கட்சியின் முன்னாள் தலைவர் மேட் போர்ஜஸ், எதிரணியில் வேலை செய்த ஒருவரிடம் எத்தனை கையெழுத்து சேர்ந்திருக்கிறது என்ற உள்தகவலுக்காக 15,000 டாலர் காசோலை கொடுத்தார். வாங்கியவர் ஏற்கனவே எஃப்.பி.ஐ.க்குத் தகவல் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அக்டோபர் 21-ஆம் தேதி கெடு முடிந்தபோது சேர்ந்தவை சுமார் 2,21,000. வாக்கெடுப்பு நடக்கவில்லை.

இப்போது அந்த வரவு செலவுக்கு வரலாம். ஃபர்ஸ்ட்எனர்ஜி கொடுத்த 6 கோடியில் 3.8 கோடிக்கும் மேல் வந்தது இந்த மூன்று மாதத்தில், இந்த ஒரு வேலைக்காக. ஒரு சபாநாயகரை உருவாக்கி, ஒரு மசோதாவை எழுதி, இரண்டு அவைகளிலும் நிறைவேற்ற ஆன செலவைவிட, அதை மக்கள் கண்ணில் படாமல் காப்பாற்ற ஆன செலவு அதிகம்.

ஜனங்கள் ஆட்டுமந்தை என்றால், வாக்கெடுப்பை நடக்க விட்டிருக்கலாமே? பணத்தை இறைத்து ஜெயித்திருக்கலாம். ஃபர்ஸ்ட்எனர்ஜியின் ஆட்கள் அப்படி நினைக்கவில்லை. அரசியலை உள்ளும் புறமும் அறிந்த, எதற்கும் விலை சொல்லத் தெரிந்த அந்த மனிதர்கள், வாக்குச்சீட்டில் கேள்வி அச்சாகிவிட்டால் தோற்றுவிடுவோம் என்று கணக்குப் போட்டார்கள். டீக்கடை விரக்தியாளர்கள் வாக்காளரைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பைவிட, லஞ்சம் கொடுத்தவர்கள் வைத்திருந்த மதிப்பு கூடுதல். நேரே கேட்டால் ஜனங்கள் சரியாகப் பதில் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அது.

நேரே கேட்காதபோது?

இதற்கு நேர் எதிரான சாட்சியும் ஒஹாயோவிலேயே இருக்கிறது, மறைக்கக் கூடாது. கைதாகி ஒன்பது நாளில், 2020 ஜூலை 30 அன்று, சபை ஒருமனதாக ஹவுஸ்ஹோல்டரின் சபாநாயகர் பதவியைப் பறித்தது. ஆனால் உறுப்பினர் பதவி இருந்தது. நவம்பரில் தேர்தல் வந்தது. குற்றப்பத்திரிகை தலைமேல் தொங்க, அவர் மறுபடி நின்று சுலபமாக ஜெயித்தார். அதே நாளில் தன் தொகுதியில் தோற்றவர், எஃப்.பி.ஐ.யிடம் போன டேவ் கிரீன்ஸ்பான்.

இதைப் படித்ததும் பார்த்தாயா என்று கேட்கத் தோன்றும். ஒரு விவரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஹவுஸ்ஹோல்டரின் தொகுதியில் வாக்குச்சீட்டில் அச்சடிக்கப்பட்டிருந்த பெயர் அவருடையது ஒன்றுதான். ஜனநாயகக் கட்சி ஆளே நிறுத்தவில்லை; வேட்புமனுக் காலம் கைதுக்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. வேறு யாரையாவது தேர்ந்தெடுக்க விரும்பியவர் பேனாவை எடுத்துப் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டும். அந்தத் தொகுதி மக்களைக் குறை சொல்ல இடம் உண்டுதான். அவர்கள் முன் வைக்கப்பட்ட தேர்வு என்ன என்பதையும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

கட்சியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இல்லினாய் இருக்கிறது. ஹவுஸ்ஹோல்டர் கைதாவதற்கு நான்கு நாள் முன்பு, 2020 ஜூலை 17 அன்று, சிகாகோவின் மின் நிறுவனமான காம்எட் 20 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே சபாநாயகர் மைக்கேல் மேடிகன், ஜனநாயகக் கட்சி. 36 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர். அவருடைய ஆட்களுக்கு வேலையும் ஒப்பந்தமும் கொடுத்து, மின்சாரச் சட்டங்களில் தனக்கு வேண்டியதை நிறுவனம் சாதித்துக்கொண்டது. 2025-ல் மேடிகனுக்கு ஏழரை ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இரண்டு மாநிலங்களிலும் மின் நிறுவனமே மாட்டியது தற்செயல் அல்ல. செருப்புக் கம்பெனி அரசியல்வாதியை வாங்கினாலும் செருப்பை நாம் கடையில் போய் வாங்கினால்தான் காசு. மின்சார பில்லில் ஒரு வரி சேர்ந்துவிட்டால் மாநிலத்தில் விளக்குப் போடுகிற ஒவ்வொருவரும் மாதாமாதம் கட்டியே ஆக வேண்டும். தனியாகப் பார்த்தால் 85 சென்ட்; அதற்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள், ஊர்வலம் போக மாட்டார்கள். அதோடு, அணு ஆலை, விநியோகக் கட்டணம், புதுப்பிக்கத்தக்க இலக்கு என்று எல்லாமே நிபுணர் மொழியில் எழுதப்பட்டிருக்கும். படிக்கிறவர் அயர்ந்து விடுவார். அந்த அயர்ச்சிதான் அவர்கள் மூலதனம். எவன் வந்தாலும் இப்படித்தான் என்று வாக்காளர் பக்கத்தைப் புரட்டிவிட்டால், 3.8 கோடி டாலரும் மிச்சம்.

மூடப்படாத ஆலைகள்

ஆறு வாரத்துக்கும் மேல் நீண்ட விசாரணைக்குப் பின், 2023 மார்ச் 9 அன்று சின்சினாட்டியில் ஜூரி ஹவுஸ்ஹோல்டரையும் போர்ஜஸையும் குற்றவாளிகள் என்றது. ஜூனில் நீதிபதி திமோதி பிளாக், சபாநாயகருக்கு 20 ஆண்டும் போர்ஜஸுக்கு 5 ஆண்டும் விதித்தார். ஹவுஸ்ஹோல்டரை அங்கிருந்தே விலங்கிட்டு அழைத்துச் சென்றார்கள். அவருடைய வாதம் கடைசி வரை ஒன்றுதான்: இது வழக்கமான அரசியல். ஜூரி அதை ஏற்கவில்லை.

ஃபர்ஸ்ட்எனர்ஜி 2021 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 23 கோடி டாலர் கட்டியது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஜோன்ஸ் மீதும் இன்னோர் அதிகாரி மீதும் மாநில அரசு 2024-லும் மத்திய அரசு 2025-லும் வழக்குத் தொடுத்தன; இருவரும் குற்றச்சாட்டை மறுத்தனர். ரண்டாசோவும், ஹவுஸ்ஹோல்டருடன் கைதான லாபியிஸ்ட் நீல் கிளார்க்கும் தங்கள் மீதான வழக்குகளில் தீர்ப்பு வரும்முன் தற்கொலை செய்துகொண்டார்கள்.

அந்த 15 கோடி இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான் என்றார்களே, அந்த ஆலைகள் என்ன ஆயின? கட்டண வசூல் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது நீதிமன்றம் தடை போட்டது. 2021 மார்ச்சில் சட்டமன்றமே அந்தப் பகுதியை ரத்து செய்தது. அணு ஆலைகளுக்காக ஒஹாயோ மக்களிடமிருந்து ஒரு சென்ட்கூட வசூலாகவில்லை. ஆலைகளும் மூடப்படவில்லை. ஆலைகளை வைத்திருந்த, திவாலிலிருந்து மீண்ட அந்த நிறுவனம் 2020 மே மாதத்திலேயே, மானியம் கைக்கு வரும் முன்பே, தன் பங்குகளைத் தானே வாங்க 80 கோடி டாலர் வரை ஒதுக்கியது. 2024-ல் டெக்சஸின் விஸ்ட்ரா நிறுவனம் ஆலைகளை வாங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மின்சாரத்துக்கு அலையத் தொடங்க, 2026 ஜனவரியில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா இதே டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி ஆலைகளின் மின்சாரத்துக்கு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது.

நிலக்கரிக் கட்டணத்தின் கதை வேறு. சபாநாயகர் கைதானார், தண்டனை பெற்றார், சிறைக்குப் போனார். பில்லில் அந்த வரி மட்டும் போகவில்லை. அதை நீக்கும் சட்டத்தில் ஆளுநர் டிவைன் கையெழுத்திட்டது 2025 மே மாதத்தில். வசூல் நின்றது ஆகஸ்டில். அதுவரை ஒஹாயோக்காரர்கள் ஐந்தரை ஆண்டுக்கும் மேல் கட்டிய பணம் கட்டியதுதான். வெட்டிக் குறைக்கப்பட்ட 8.5 சதவீத இலக்கும், நிறுத்தப்பட்ட மின் சிக்கனக் கட்டாயமும் திரும்பி வரவில்லை. லஞ்சம் கொடுத்து எழுதிய சட்டத்தின் அந்தப் பகுதிகளை ரத்து செய்ய ஒஹாயோ சட்டமன்றம் இதுவரை முன்வரவில்லை.